கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் உடற்பயிற்சி வகுப்பு: முதல்முறை சேர்பவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் (உள்ளூர் அரசுக் கல்லூரிகள்) இருக்கின்றன. குப்பர்டினோவில் டி ஆன்ஸா, ஃப்ரீமான்ட்டில் ஓலோனி, சான்டா கிளாராவில் மிஷன் என்று நம்மவர்கள் நிறைய வாழும் ஊர்களிலும் உண்டு. பிள்ளைகளின் கால்குலஸுக்காகவும் கோடிங்குக்காகவும் அந்தப் பக்கம் போகிற நாம், அதே வளாகத்தில் நீச்சல், யோகா, வெயிட் ட்ரெயினிங், டென்னிஸ் எல்லாம் பாடமாகவே நடக்கின்றன என்பதைக் கவனிப்பதில்லை. ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு, எந்த மெஷினில் என்ன செய்வதென்று தெரியாமல் ட்ரெட்மில்லோடு நின்றுவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு முதலில் வேண்டியது, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். அந்த ஆள் இங்கே கிடைப்பார்.

முதலில் கட்டணக் கணக்கு

பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012 கோடைப் பருவத்திலிருந்து இந்தத் தொகை மாறவில்லை. டி ஆன்ஸா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்) யூனிட்டுக்கு 31 டாலர். இதோடு ஹெல்த் ஃபீ, பார்க்கிங் என்று சில்லறைச் செலவுகள் சேரும்.

உடற்பயிற்சி வகுப்புகளைப் பெரும்பாலும் லேப் கணக்கில் வைத்திருப்பார்கள். தியரி பாடமென்றால் ஒரு யூனிட்டுக்கு வாரம் வகுப்பில் ஒரு மணி நேரம், மீதி உழைப்பு வீட்டில். லேப் கணக்கில் அந்த நேரம் முழுவதும் வகுப்பிலேயே போகும். செமஸ்டருக்கு ஒரு யூனிட் என்றால் சுமார் 48 முதல் 54 மணி நேரம், ஆசிரியர் கண் முன்னால். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர்கூட ஆகவில்லை. தனிப் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு மணி நேரத்துக்கு என்ன கேட்பார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

இந்தக் கட்டணம் கிடைக்க, கலிஃபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் வசித்ததற்கும், இங்கேயே தொடர்ந்து இருக்கும் எண்ணத்துக்கும் சான்று வேண்டும். எச்-1பி, எச்-4 விசாக்காரர்களும் இதைக் காட்டித் தகுதி பெறலாம். தகுதி இல்லாவிட்டால் யூனிட்டுக்குப் பல நூறு டாலர் கூடிவிடும். எனவே ஓராண்டு நிறையும்வரை பொறுத்திருந்து சேருங்கள். வருமானம் குறைந்தவர்கள் கலிஃபோர்னியா காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட்டுக்கு விண்ணப்பித்தால் யூனிட் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகும்.

ஊரிலிருந்து பி-2 (சுற்றுலா) விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கிரெடிட் வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். அந்த விசாவில் பட்டத்துக்குக் கணக்காகும் படிப்பில் சேர அனுமதி இல்லை. சிட்டி நடத்தும் ரிக்ரியேஷன் சென்டர் வகுப்புகள் அவர்களுக்குப் போதும்.

விண்ணப்பம்

சி.சி.சி. அப்ளை என்ற பொதுத் தளத்தில் கணக்குத் தொடங்கி, கல்லூரியைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. வசிப்பிடம், விசா பற்றிய கேள்விகளுக்கு மட்டும் ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்; கட்டணத்தை முடிவுசெய்வது அந்தப் பகுதிதான். சில நாட்களில் மாணவர் எண்ணும், எந்த நாளிலிருந்து வகுப்புக்குப் பதியலாம் என்ற தேதியும் வரும்.

அட்டவணையில் எதைப் பார்ப்பது

அட்டவணையில் 'பி.ஈ.' (ஃபிசிகல் எஜுகேஷன்) என்று தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். பல கல்லூரிகளில் இந்தத் துறையின் பெயர் இப்போது கினிசியாலஜி (உடல் இயக்கவியல்). ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "கினி 12ஏ, பிகினிங் ஸ்விம்மிங், 1 யூனிட், லேப், செவ்வாய் வியாழன் 9:30–10:50, பூல்."

எண்ணுக்குப் பின்னால் வரும் ஏ, பி, சி பல இடங்களில் நிலையைக் குறிக்கும். புதியவர் ஏ-வில்தான் சேர வேண்டும், ஊர்க் கிணற்றில் நீந்திப் பழகியவராக இருந்தாலும் சரி. இங்கே மூச்சு விடும் முறையிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தருவார்கள். 'ஆன்லைன்' என்று போட்டிருக்கும் பயிற்சி வகுப்பை முதல்முறை எடுக்காதீர்கள். குனிந்து எடை தூக்கும்போது முதுகு வளைகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊட்டச்சத்து, மன அழுத்தத்தைச் சமாளித்தல் போன்ற தியரி வகுப்புகளை ஆன்லைனில் தாராளமாக எடுக்கலாம். அவை பெரும்பாலும் 3 யூனிட், வாசிப்பும் தேர்வும் உண்டு.

உடல் குறைபாடு, பக்கவாதத்துக்குப் பிந்தைய பலவீனம் போன்றவை இருந்தால் 'அடாப்டட்' என்ற சொல்லைத் தேடுங்கள். டி ஆன்ஸா உட்படச் சில கல்லூரிகளில் இதற்கென்றே தனி வகுப்புகள் உண்டு. பலரும் அறியாத நல்ல ஏற்பாடு இது.

இடம் நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்ட்டில் பெயரைப் போட்டுவிட்டு, முதல் நாள் நேரில் போய் நில்லுங்கள். வராதவர்களை ஆசிரியர் அன்றே நீக்கிவிட்டு, காத்திருப்பவர்களுக்கு ஆட் கோட் (வகுப்பில் பதிய உதவும் குறியீடு) கொடுப்பது வழக்கம். இதே காரணத்தால், இடம் கிடைத்துப் பதிந்தவர்களும் முதல் வகுப்பைத் தவறவிடக் கூடாது.

முதல் வாரம்

நீச்சலுக்குப் பருத்தித் துணி ஆகாது; தண்ணீரில் கனத்துக் கீழே இழுக்கும். கை கால் முழுவதும் மூடும் நீச்சலுடை நீச்சல் துணியிலேயே கிடைக்கிறது. உடையை நினைத்தே இந்த வகுப்பை ஒதுக்கிவிடும் பெண்கள் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு விதிமுறையைக் கேட்டுவிடலாம்.

ஃபிட்னஸ் வகுப்புகளில் தொடக்கத்தில் ஓர் அளவீடு நடக்கும், பருவ முடிவில் மறுபடியும் நடக்கும். உங்கள் முன்னேற்றத்தை உங்களோடே ஒப்பிடத்தான் அது. அதில் நாடித்துடிப்பு முக்கியம். காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னால், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே துடிப்பு உண்டு. 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதுதான் ஓய்வுத் துடிப்பு; அதை வைத்துப் பயிற்சிக்கு ஏற்ற வேகத்தைக் கணக்கிடலாம்.

வயது 38, ஓய்வுத் துடிப்பு 72 என்று வைத்துக்கொள்வோம். 220-லிருந்து வயதைக் கழித்தால் 182. அதிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் 110. அதில் பாதி, அதாவது 50 சதவீதம், 55. ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கூட்டினால் 127. 70 சதவீதத்துக்கு இதே மாதிரி 149. பயிற்சியின்போது துடிப்பு இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தால், புதியவருக்கு அது சரியான வேகம். இது தோராயக் கணக்குதான். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பயிற்சியின் நடுவே சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று மருத்துவரிடமும் கேட்டு வையுங்கள், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இதயநோயோ நெஞ்சு வலியோ இருந்தவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே பதியவும்.

நிறுத்த வேண்டி வந்தால்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இது மதிப்பெண் உள்ள பாடம். பெரும்பாலும் வருகைக்கும் பங்கேற்புக்கும்தான் மதிப்பெண், ஒழுங்காகப் போனால் 'ஏ' வாங்குவது கஷ்டமில்லை. ஆனால் போவதை நிறுத்திவிட்டு அப்படியே விட்டால் 'எஃப்' விழும், டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக இருக்கும். நாளைக்கு நர்சிங்குக்கோ மாஸ்டர்ஸுக்கோ விண்ணப்பிக்கும்போது எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்பார்கள்.

முழுப் பருவ வகுப்பென்றால் தொடக்க வாரங்களில் விலகினால் பணமும் திரும்பும், பதிவும் இருக்காது. அதன் பிறகு, கடைசித் தேதிக்குள் விலகினால் 'டபிள்யூ' (வித்ட்ராயல், விலகல்) என்று விழும், அது ஜி.பி.ஏ.வை (மதிப்பெண் சராசரியை) தொடாது. தேதிகளைப் பதிந்த அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். மதிப்பெண் கவலையே வேண்டாம் என்பவர்கள் பாஸ் / நோ பாஸ் வசதி அந்த வகுப்புக்கு இருந்தால் கேட்டு வாங்கலாம்.

அடுத்த பருவம்

தேறிய அதே வகுப்பை விருப்பம்போலத் திரும்ப எடுக்க முடியாது. 2013-லிருந்து மாநிலம் முழுவதும் உள்ள விதி இது: ஒரே வகையைச் சேர்ந்த பயிற்சி வகுப்புகளில் மொத்தம் நான்கு முறைதான் பதியலாம். நீச்சல் ஏ முடித்தால் அடுத்து பி. 'டபிள்யூ' வாங்கிய முறையும் அந்த நான்கில் ஒன்றாக எண்ணப்படும். நான்கும் தீர்ந்த பிறகு யோகாவுக்கோ பாட்மின்டனுக்கோ மாறலாம். வயதானவர்களுக்கான 'நான்-கிரெடிட்' (பட்டத்துக்குக் கணக்காகாத) வகுப்புகள் உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவற்றுக்கு யூனிட் கட்டணம் இல்லை, இந்த நான்கு முறைக் கட்டுப்பாடும் இல்லை.