கணவர் கடனுக்கு மனைவி பொறுப்பா? கையெழுத்திலிருந்து மஞ்சள் கடுதாசி வரை

வசூலுக்கு வந்தவர் வாசலில் நின்று, "உங்க வீட்டுக்காரர் வாங்கின கடனுக்கு நீங்கதாம்மா பொறுப்பு" என்றதும் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிடுகிற பெண்கள் நம் ஊர்களில் நிறைய பேர். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. திருமணம் ஆனது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறாது. மனைவி வாங்கிய கடனுக்கும் இதே கணக்குதான். எந்தத் தாளில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: கையெழுத்தைத் தேடுங்கள்

கடன் ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, உங்கள் கையெழுத்து எந்தப் பெயரின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். 'சாட்சி' என்று மட்டும் இருந்தால் கடனுக்கு நீங்கள் பொறுப்பில்லை. 'இணைக் கடன்தாரர்' என்றால் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம், பாதி என்ற பேச்சே கிடையாது. வீட்டுக் கடனில் பல மனைவிமார் இப்படித்தான் இருக்கிறார்கள்.

'ஜாமீன்தாரர்' என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு. "முதல்ல அவர்கிட்ட கேளுங்க" என்று வங்கியைத் திருப்பி அனுப்ப முடியாது. என்னைக் கேட்டால், வீட்டில் ஒருவர் கடன் வாங்கித் தொழில் செய்யும்போது மற்றவர் கையெழுத்து அதில் சேராமல் இருப்பதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

நகல் கிடைக்கவில்லையா? யார் பெயரில் என்ன கடன் என்ற விவரத்தைத் தொகுத்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ இருக்கும் கடன்கள் அதில் தெரியும். திருமணத்தால் இருவர் அறிக்கையும் ஒன்றாகிவிடாது. மகளிர் குழு வழியாக வரும் நுண்கடனில் மட்டும் ஒரு விஷயம்: ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் எல்லோரையும் ஒரே குடும்பமாக வைத்துத்தான் வருமானத்தையும் தவணைகளையும் கணக்கிடுவார்கள். அதனால் அவருடைய தவணை உங்களுக்குக் கிடைக்கும் கடனைக் குறைக்கலாம். அதற்காக அவர் கடன் உங்கள் கடனாகாது.

படி 2: எது யாருடையது என்று பிரித்து வையுங்கள்

பிறந்த வீட்டில் போட்ட நகையும் சீரும் மனைவியின் சொத்து. பிரதிபா ராணி வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. ஆனால் உங்களுடையது என்று காட்டவேண்டி வரும். நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பம் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். இருவர் பெயரிலும் உள்ள வீட்டில், கணவர் மட்டும் வாங்கிய கடனுக்கு அவர் பங்கைத்தான் ஜப்தி செய்யலாம்.

ஜப்தி வந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, கடன்பட்டவர், அவர் மனைவி, பிள்ளைகளின் தேவையான உடை, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றுக்கு விலக்கு தருகிறது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகையும் விலக்குதான். தாலிமேல் யாரும் கைவைக்க முடியாது.

படி 3: அவசரப்பட்டு செட்டில்மென்ட் எழுதாதீர்கள்

கடன் கழுத்தை நெரிக்கும்போது "வீட்டை மனைவி பேருக்கு எழுதிவிடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். எழுதிய 2 ஆண்டுக்குள் திவால் மனு தாக்கலாகி, அதில் அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். திருமணத்துக்கு முன்பே, அந்தத் திருமணத்தை முன்னிட்டு எழுதிக்கொடுத்ததற்கும், நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியதற்கும் விலக்கு உண்டு. 2 ஆண்டு கடந்தாலும், கடன்காரரை ஏமாற்ற எழுதியது என்று நிரூபித்தால் சொத்து மாற்றுச் சட்டப்படி செல்லாமல் போகலாம்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. கணவர் தன் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கும்போதே, 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் மனைவி, பிள்ளைகளுக்காக என்று எழுதி எடுக்கலாம். அந்தப் பணம் அவர் கடன்காரருக்குப் போகாது. கடனை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபணமானால் மட்டும் இந்தப் பாதுகாப்பு நிற்காது. அதனால் நல்ல காலத்திலேயே எடுத்து வையுங்கள்.

படி 4: ஐ.பி. போட்டால்

மஞ்சள் கடுதாசி, ஐ.பி. என்றெல்லாம் நாம் சொல்வது திவால் மனுவை. 2016-இன் புதிய திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பழைய சட்டங்கள்தான்: சென்னை நகருக்கு 1909-இன் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-இன் மாகாணத் திவால் சட்டம்.

கணவர் திவாலானால் மனைவி திவாலானவர் ஆகமாட்டார். ஆனால் பலர் கவனிக்காத இடம் இது: கணவருக்குக் கடனிலிருந்து விடுதலை கிடைத்தாலும், அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டவருக்கும் ஜாமீன் போட்டவருக்கும் அந்த விடுதலை இல்லை. அவர் விடுபட்ட அதே கடனுக்கு வங்கி உங்களைத் தேடி வரும். அதனால் ஐ.பி. போடும் முன் படி 1-ஐ வக்கீல் மேசையில் வைத்து இருவருமாகப் பாருங்கள். மனைவிக்குக் கொடுக்கும்படி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் உத்தரவான ஜீவனாம்சமும் திவாலால் அழியாது.

படி 5: வாசலில் ஆள் வந்தால்

கணவர் இறந்திருந்தால், கையெழுத்துப் போடாத மனைவி அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். தன் சம்பளத்திலிருந்தோ சீதனத்திலிருந்தோ கொடுக்கவேண்டியதில்லை.

வங்கியின் வசூல் ஆளிடம் அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் நிலுவைக்காகத் தொல்லை கொடுக்கவோ, குடும்பத்தாரை அவமானப்படுத்தவோ ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. மீறினால் தேதி, நேரம் குறித்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.