துடுப்பைக் கையால் இழுக்காதீர்கள்: காவிரிப் படுகையில் ரோயிங் பழக நினைப்போர் செய்யும் தவறுகள்

“ஆத்தங்கரையில பொறந்த புள்ளைக்குப் படகு விடச் சொல்லித் தரணுமாக்கும்?” ரோயிங் பழகப் போகிறேன் என்று திருவையாற்றிலோ கும்பகோணத்திலோ ஒரு பையன் வீட்டில் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில் இது. முதல் தவறும் இதுதான். ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ரோயிங்கின் முதல் தங்கத்தை 2010-ல் குவாங்சோவில் வாங்கித் தந்த பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் 13-ஆம் இடம் பிடித்து, 2018 ஆசிய விளையாட்டில் இந்தோனேசியாவின் பாலெம்பாங்கில் நால்வர் அணியோடு தங்கம் வென்ற தத்து போகனல், நாசிக் மாவட்டத்தின் வறண்ட பகுதியில் அப்பாவோடு கிணறு வெட்டியவர். இரண்டு பேருமே ராணுவத்தில் சேர்ந்த பிறகு துடுப்பைத் தொட்டவர்கள்தான்.

நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பயம் இல்லை என்பது உண்மை. அது பாதி உதவி, மீதி தொல்லை. தோணியோ பரிசலோ ஓட்டிப் பழகியவர் போகும் திசையைப் பார்த்து உட்காருவார், துடுப்பைக் கையில் பிடித்திருப்பார், தோளால் தள்ளுவார். ரோயிங்கில் போகும் திசைக்கு முதுகு. துடுப்பு படகோடு பூட்டப்பட்டிருக்கும். உட்காரும் சீட்டோ சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். பழைய பழக்கம் இங்கே கைகொடுக்காது. பல நேரம் அதை மறக்க வைப்பதே பயிற்சியாளரின் முதல் வேலையாகிவிடுகிறது.

கயாக்கையும் ரோயிங்கையும் ஒன்றாக நினைத்து அலைபவர்களும் உண்டு. கயாக், கனூ, கேரளத்து வள்ளங்களி எல்லாம் முன்னோக்கிப் பார்த்துத் துழாவுபவை. ரோயிங்குக்கும் கயாக்குக்கும் தேசியச் சங்கம் வேறு, போட்டி வேறு, சான்றிதழ் வேறு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவை மனதில் வைத்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், எந்தச் சங்கத்தின் கீழ் எந்தப் போட்டி என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்துக் கேட்டுப் பயனில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். டெல்டாவில் ரோயிங் பழக விரும்பும் பெரும்பாலோருக்கு முதலில் கிடைப்பது படகு அல்ல, திருச்சி அல்லது தஞ்சாவூர் ஜிம் ஒன்றின் மூலையில் கிடக்கும் ரோயிங் மெஷின். அதில் ஏறியவுடன் பத்துக்கு ஒன்பது பேர் செய்வது, கைப்பிடியைக் கையால் இழுப்பது. ரோயிங் கால் விளையாட்டு. ஒரு வலிப்பில், அதாவது துடுப்பை ஒருமுறை வலிப்பதில், பிறக்கும் விசையில் ஏறத்தாழ 60 விழுக்காடு காலிலிருந்து வருகிறது, 30 விழுக்காடு உடம்பைச் சாய்ப்பதிலிருந்து. கைகளுக்கு மிஞ்சுவது பத்துதான் என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் கணக்கு. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தூக்கும் லோடுமேனைக் கவனித்தால் இது புரிந்துவிடும்: முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, காலை ஊன்றித்தான் எழுவார். கையால் மூட்டையை வெடுக்கென்று இழுப்பவர் மறுநாள் வேலைக்கு வரமாட்டார்.

வரிசை எளிது. இழுத்துப் பின்னால் போகும்போது கால், உடம்பு, கை. திரும்பும்போது கை, உடம்பு, கால். குளறுபடி பெரும்பாலும் திரும்பும் பாதியில்தான் நடக்கும். கை முழங்காலைத் தாண்டும் முன்பே முழங்கால் மடங்கிவிடும். கைப்பிடி முட்டியில் இடிக்காமலிருக்க அதை மேலே தூக்கிச் சுற்றிக் கொண்டுபோவார்கள். மெஷினில் இது பார்க்க அசிங்கம், அவ்வளவே. படகில் கைப்பிடி மேலே போனால் துடுப்பின் அலகு கீழே போய்த் தண்ணீரில் மாட்டும், படகு ஒரு பக்கமாகச் சாயும். இன்னொரு பிழை, காலை உதைத்தவுடன் சீட்டு மட்டும் பின்னால் ஓட, தோளும் கைப்பிடியும் நின்ற இடத்திலேயே நிற்பது. காலின் உழைப்பு வீணாகி, மொத்த எடையும் இடுப்புக்குப் போய்ச் சேரும். ரோயிங்கில் அதிகம் அடிபடுவது கீழ்முதுகு. அதற்கு இந்தக் கூன் விழுந்த இழுப்பு முக்கியக் காரணம். முன்னே வரும்போது கணுக்கால் முதல் முட்டி வரை செங்குத்தாக நின்றால் போதும். அதற்கு மேல் எட்டிப் பிடிக்கப் போனால் நீளம் கூடாது, முதுகுதான் வளையும்.

அடுத்தது அந்த டேம்பர். காற்று விசிறி வைத்த மெஷினில் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண் போட்ட நெம்புகோல் இருக்கும். புதிதாக வருபவர் முதலில் செய்வது அதை 10-க்குத் தள்ளுவது. பக்கத்து மெஷினில் தோழர் வேறு நிற்பார் அல்லவா! டேம்பர் என்பது எடை அல்ல. விசிறிக் கூட்டுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை மட்டுமே அது மாற்றும். 10-ல் வைத்தால் பழைய கனத்த படகை வலிப்பதுபோலக் கனக்கும். வேகமான பந்தயப் படகின் உணர்வு 3 முதல் 5-க்குள்தான் இருக்கிறது. நம் ஊரில் இன்னொரு சிக்கல், புழுதி. விசிறிக் கூட்டின் சல்லடையில் தூசி அடைத்தால் அதே 4-ஆம் எண் ஒவ்வொரு ஜிம்மிலும் வேறு கனம் தரும். மானிட்டரில் டிராக் ஃபேக்டர் என்று, விசிறி தரும் தடையைக் காட்டும் ஓர் எண் பார்க்கலாம். நெம்புகோலை நம்பாமல் அதைப் பார்த்து வைப்பதே சரி. பெரும்பாலோர் 110 முதல் 130-க்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

நிமிடத்துக்கு எத்தனை வலிப்பு என்ற எண்ணையும் சாதனையாக நினைத்துவிடக் கூடாது. 34, 36 என்று படபடவென்று ஓட்டி வியர்த்து விறுவிறுத்து நிற்பவர், பக்கத்தில் 20-ல் நிதானமாக வலிப்பவரைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருப்பார். பார்க்க வேண்டியது 500 மீட்டருக்கு ஆகும் நேரம். அதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: 500 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில் கடக்கத் தேவையான திறன் ஏறத்தாழ 104 வாட். 2 நிமிடத்தில் கடக்க 203 வாட். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க உழைப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதனால்தான் முதல் மாதத்தில் சரசரவென்று குறையும் நேரம் பிறகு நொடி நொடியாகத்தான் குறையும். “முன்னேற்றமே இல்லை” என்று அங்கேயே விட்டுப் போகிறவர்கள் ஏராளம். நீண்ட தூரப் பயிற்சியை 18 முதல் 22 வலிப்புக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உதையையும் அழுத்தமாக்குவதுதான் வழி. தினமும் 2000 மீட்டரை முழு மூச்சில் ஓட்டிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. அது தினமும் பரீட்சை எழுதுவது, பாடம் படிப்பது எப்போது?

சித்திரை வெயிலில் தகரக் கூரை ஜிம்மில் மத்தியானம் ஓட்டாதீர்கள், வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடியுங்கள். மெஷினில் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

இப்போது ஆறு. எனக்குத் தெரிந்து இங்கே நடக்கும் பெரிய தவறு, காவிரியை ரோயிங் களமாக நினைப்பது. பந்தயக் களம் என்றால் 2000 மீட்டர் நேர்கோடு, ஒரு வரிசைக்கு 13.5 மீட்டர் அகலம், குறைந்தது 3 மீட்டர் ஆழம், நீரோட்டம் இல்லாத நிலை. காவிரிப் படுகையின் ஆறுகள் பாசனத்துக்காக மதகு வைத்துப் பங்கிடப்பட்டவை. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும், உபரி கொள்ளிடத்துக்கு. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது மரபு. அதற்குப் பிறகு பல இடங்களில் மணலில் கிரிக்கெட் விளையாடலாம். தண்ணீர் இருக்கும் மாதங்களிலும் மட்டம் ஆற்றின் விருப்பப்படி மாறுவதில்லை, நீர்வளத் துறையின் உத்தரவுப்படி மாறுகிறது. நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று ஆளை இழுக்கும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புது ஆற்றைப் பார்த்தால் ஆசை வரும். நேராக, அகலமாக, கரை கட்டி, பெரிய கோயில் பக்கமாகவே ஓடுகிறதே! 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய்தான் அது. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாளில் அதன் வேகத்தில் எதிர்த்து வலிக்க முடியாது, கான்கிரீட் சரிவு உள்ள இடத்தில் கவிழ்ந்தால் கரையேறப் பிடிமானம் இல்லை, அடிக்கடி பாலம். இரண்டு பக்கமும் துடுப்பை விரித்த ஒற்றையர் படகு ஐந்து மீட்டருக்கு மேல் அகலம் பிடிக்கும் என்பதையும் பாலத்துத் தூணைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் தூணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார் என்பதையும்.

கதவணை, தடுப்பணைப் பக்கம் போகவே கூடாது, மேல்பக்கமும் சரி, கீழ்பக்கமும் சரி. மேல்பக்கம் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் தெரியும். அதுதான் ஆளை ஏமாற்றும். கீழே விழும் தண்ணீர் சுருண்டு சுருண்டு விழுந்த இடத்துக்கே திரும்பும், அதில் மாட்டியவரை வெளியே விடாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைப் படுகையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1836-ல் கட்டிய அணைக்கே அந்தக் கதி. மணல் அள்ளிய குழிகளைப் பற்றி இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்கால், குளம் எதிலும் பந்தயப் படகு இறங்காது. படகின் அடியில் மீனின் செதில்துடுப்பு போல இருக்கும் சிறு தகட்டில் வேர் சிக்கிக்கொண்டால் படகு நேராகப் போகாது.

அப்படியானால் எங்கே? ஒழுங்காகக் கற்க, சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-லிருந்து இருக்கிறது. விடுமுறையில் அங்கே போய் அடிப்படையைக் கற்று, மற்ற நாளில் ஊரில் மெஷினில் உழைப்பது நடைமுறைக்கு ஒத்த வழி.

படகில் முதல்முறை ஏறுபவர் செய்யும் பிழைகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கைப்பிடியை விடுவது. ஒற்றையர் பந்தயப் படகு எட்டு மீட்டர் நீளம், ஓர் அடி அகலம்கூட இல்லை. அதைக் கவிழாமல் நிறுத்துவது தண்ணீரில் விரிந்து கிடக்கும் அந்த இரண்டு துடுப்புகள்தான். ஏறும்போது இரண்டு கைப்பிடியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். கொசு கடித்தாலும், போன் அடித்தாலும் விடக் கூடாது. துடுப்பைப் பூட்டும் கொக்கி திருகி மூடியிருக்கிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். ஐந்தாறு வலிப்புக்கு ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். கவிழ்ந்தால் நீச்சல் தெரிந்த டெல்டாப் பையன் முதலில் செய்வது கரையை நோக்கி நீந்துவது, அது தவறு. படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். படகோடு பொருத்திய ஷூவின் குதிகாலில் ஒரு கயிறு கட்டியிருக்கும். கவிழும்போது கால் தானாகக் கழன்று வருவதற்கு அது. தொந்தரவாக இருக்கிறது என்று அதை அவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒற்றையர் போட்டிப் படகு குறைந்தது 14 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி, அவ்வளவு லேசாகத்தான் செய்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் இது எம்மாத்திரம்? தோளில் தூக்கிப் போகும்போதே காற்று பிடுங்கிவிடும். மாலை இடி கேட்டால் உடனே கரையேறுங்கள்; கார்பன் இழைத் துடுப்பு மின்சாரத்தைக் கடத்தும்.

பழைய தகவலை நம்பித் திட்டம் போடுவதும் ஒரு தவறு. “உயரம் இல்லாட்டி லைட்வெயிட்ல போகலாம்” என்று இன்னும் சொல்கிறார்கள். ஒலிம்பிக்கில் லைட்வெயிட் என்ற எடை வரம்புப் பிரிவு 2024 பாரிஸோடு முடிந்துவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சலீஸில் வழக்கமான 2000 மீட்டரும் இல்லை, லாங் பீச்சில் 1500 மீட்டர். சிறிய உடம்புக்காரருக்குக் காக்ஸ் என்ற இடம் இருக்கிறது. எட்டுப் பேர் படகில் வலிக்காமல் உட்கார்ந்து, சுக்கானைப் பிடித்து, வேகத்தைக் கணித்து, கூவிக்கூவி ஓட்டுபவர். அதைச் சும்மா உட்காரும் வேலை என்று நினைத்து மறுத்துவிடாதீர்கள்.

அதே 2028-ல் கடற்கரை ரோயிங் முதல்முறை ஒலிம்பிக்கில் வருகிறது. மணலில் ஓடி, படகில் தாவி, மிதவைகளைச் சுற்றி வளைந்து 250 மீட்டர் போய்த் திரும்பி, மறுபடி மணலில் ஓடி முடிக்கும் போட்டி. படகும் அகலமானது, கனமானது, அலையைத் தாங்கும். ஆறு நமக்குத் தராத களத்தைக் கடல் தருமா என்று பார்க்கலாம். தரங்கம்பாடியிலிருந்து வேளாங்கண்ணி வரை அலையை உடைத்துப் படகை இறக்கத் தெரிந்த மீனவப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மட்டும் ஆள் தேடுவது சரியாகப் படவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் யாரையும் இறக்க வேண்டாம். அந்த மாதங்களின் கடலைப் பற்றி நாகப்பட்டினத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.