சென்னை–சிங்கப்பூர் நாலே கால் மணி நேரம்: பயண நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் ஒருவரிடம், "சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ.தான், மூன்றே கால் மணி நேரத்தில் போய்விடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

அந்த 2,900 கி.மீ. இரு நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய கோடு. விமானமோ அதற்கென வகுத்த வான்பாதையில் போகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. அட்டவணையில் உள்ள நேரம், நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம்.

இரண்டு ஊர்க் கடிகாரங்களைக் கழிப்பது

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11.30க்குப் புறப்பட்டுக் காலை 6.15க்கு இறங்கினால், பயணம் ஆறே முக்கால் மணி நேரம் அல்ல, நாலே கால்.

தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டவைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு வந்த ஒருவருக்குச் சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொரு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். காலை 10 மணிக்கு இறக்கம், 11.40க்கு மதுரை விமானம். தாராளம் என்று நினைத்தேன். விமானம் வந்ததே இருபது நிமிடம் தாமதம். குடியுரிமைச் சோதனை வரிசை, பெட்டி வரும் வரை காத்திருப்பு, சுங்கம், பிறகு உள்நாட்டு முனையம். உள்நாட்டுக் கவுன்ட்டர்களை வழக்கமாக 45 முதல் 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். பலகையில் மதுரை விமானம் இன்னும் தெரிகிறது, ஆனால் ஏற்ற மறுக்கிறார்கள் என்று அங்கிருந்தே போன் செய்தார். தனி டிக்கெட் என்பதால் அடுத்த விமானத்தில் இடம் தரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. பஸ் பிடித்துப் போனவர், அக்காள் மகளின் நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் வீட்டு வாசலை மிதித்தார். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாலைப் பொழுதை எப்படிக் கொடுப்பது?

ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், டிக்கெட் போடுங்கள். முடியாவிட்டால் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். இல்லையென்றால் திருச்சிக்கு நேரடியாக வரச் சொல்லுங்கள். அங்கிருந்து மதுரை சாலை வழியே சுமார் 135 கி.மீ.தான்.

போகும் நேரமே திரும்பும் நேரம் என்பது

டெல்லி–லண்டன் போகும்போது மேலைக்காற்று எதிரே வீசும். திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்.

நள்ளிரவு விமானம்

15ஆம் தேதி 00.30 என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.