கரையான் புற்றுப் பாடத்துக்கு ஒரு பழைய பூந்தொட்டி போதும்

கரையான் புற்றைப் பார்த்துக் கட்டடம் கட்டும் பாடத்துக்குத் தெர்மாகோல் மாடல் வாங்காதீர்கள். பழைய மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து மூன்று கல்லின் மேல் வையுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைதான் இப்போது புகைபோக்கி. அதன்மேல் கறுப்புக் காகிதக் குழாய் ஒன்றை ஒட்டி, வெயிலில் காயவிட்டு, அடியில் இடைவெளிக்கு வெளியே ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே இழுபட்டு மேலே வரும். பத்தியை உள்ளே வைத்தால் அதன் சூடே புகையைத் தூக்கிவிடும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

சூடான காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கீழிருந்து காற்று வருகிறது. தருமபுரி வெயிலுக்கு நன்றாகவே தெரியும். 1996இல் ஜிம்பாப்வே நாட்டுத் தலைநகர் ஹராரேயில் திறந்த ஈஸ்ட்கேட் என்ற கடை, அலுவலகக் கட்டடத்துக்கும் புற்றுதான் தூண்டுதல். ஆனால் அங்கே இரவுக் குளிரைக் காங்கிரீட்டில் தேக்கி வைக்கிறார்கள், மின்விசிறியும் உண்டு. நிஜப் புற்றிலும் காற்றோட்டம் இவ்வளவு எளிமையானதில்லை, இதையும் சொல்லிவிடுங்கள்.

மழை மூட்டத்திலும் காற்று வீசும்போதும் இது எடுபடாது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் செய்யவே வேண்டாம், வெயில் ஏறட்டும். அசல் புற்றைக் காட்டணும் என்றால் தள்ளி நின்று காட்டுங்கள். புற்றுக்குள் கையை விட அனுமதிக்காதீர்கள், உள்ளே பாம்பு இருக்கலாம்.