வாகைக்குளத்துல இருந்து அகத்திக்கு பிளைட்ல எவ்ளோ நேரம்? நாமளே கணக்குப் போடுவோம்

பாளை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை அண்ணாச்சி திடீர்னு கேட்டாவ, "ஏ மக்கா, நம்ம தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்ல இருந்து அகத்திக்கு எவ்ளோ நேரம்டே ஆகும்?" எனக்கு மொதல்ல கீரைதான் ஞாபகம் வந்துச்சு, அவிய கேட்டது லட்சத்தீவு அகத்தி. ரெண்டுக்கும் நடுவுல நேரடி பிளைட் கிடையாது, அதனால டிக்கெட் ஆப்ல தேடி பிரயோஜனமில்ல, கணக்குதான் போடணும். பத்தாங்கிளாஸ் கணக்கு போதும், பயப்படாதீங்க.

மொதல்ல அட்சரேகை, தீர்க்கரேகை எடுங்க. கூகுள் மேப்ஸ்ல ரன்வே மேல விரல வச்சு அமுக்கிப் பிடிச்சா நம்பர் வரும். வாகைக்குளம் 8.72 வடக்கு, 78.03 கிழக்கு. அகத்தி 10.82, 72.18.

இங்கனதான் நான் சொதப்புனேன். ஒரு பழைய மேப்ல 8 டிகிரி 43 நிமிஷம்னு இருந்தத அப்படியே 8.43ன்னு அடிச்சுட்டேன். நிமிஷத்த 60ஆல வகுக்கணும்லா, 43ஐ வகுத்தா 0.72. நான் போட்ட கணக்குல ஏர்போர்ட்டு உடன்குடிக்கே போயிட்டு, கருப்பட்டி வேணா வாங்கலாம், பிளைட் ஏற முடியாது.

இப்ப கழிங்க. வடக்கு தெக்கா 2.10 டிகிரி, கிழக்கு மேற்கா 5.85 டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகைக்கு 111 கிலோமீட்டர், ஆக 233. தீர்க்கரேகைய அப்படியே பெருக்கக் கூடாது, ஏன்னா அந்தக் கோடெல்லாம் துருவத்துப் பக்கம் போகப்போக நெருங்கிரும், அதனால நடு அட்சரேகை 9.77க்கு காஸ் (cos) போட்டு வர்ற 0.985ஆலயும் பெருக்கணும், 640 கிட்ட வரும். காஸ் மைனஸ்ல வந்தா கால்குலேட்டர் ரேடியன்ல கிடக்குன்னு அர்த்தம், டிகிரிக்கு மாத்துங்க.

பொறவு பிதாகரஸ். 233, 640 ரெண்டையும் வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 681 கிலோமீட்டர். பக்கத்து ஊருகளுக்கு இது போதும், லண்டன் கிண்டன்னா பூமி உருண்டை வேலையக் காட்டிரும், அதுக்கு இந்த வழி ஆகாது.

நேரத்துக்கு வருவோம். அகத்தி ரன்வே சின்னது, ஏடிஆர் மாதிரி விசிறி சுத்துற சின்ன விமானம்தான் இறங்கும், அது மணிக்கு சுமாரா 500 கிலோமீட்டர் போகும். 681ஐ 500ஆல வகுத்தா 1.36. உடனே ஒரு மணி 36 நிமிஷம்னு எழுதிராதீங்க, திரும்பவும் அதே 60தான்: 0.36ஐ 60ஆல பெருக்குனா 22 நிமிஷம். ரன்வேல உருளுறது, மேல ஏறுறது, இறங்குறதுக்குன்னு ஒரு அரைமணி சேத்தா ஒரு மணி 52 நிமிஷம். இது சரியான்னு பாக்க வாகைக்குளம் டூ சென்னைக்குப் போட்டுப் பாத்தேன், 530 கிலோமீட்டர், ஒரு மணி 34 நிமிஷம் வந்துச்சு, ஏடிஆர் ஓடுற டைம்டேபிளும் ஏறக்குறைய அதான்.

ஆடி மாசம்னா கணக்கு மாறும். கயத்தாறுல கரண்டு எடுக்குற காத்தாடிய சுத்துதே அதே மேக்காத்து போறப்ப எதிர்ல நிக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் காத்துன்னு வைங்க, அரைமணி சேக்குறதுக்கு முந்தின ஒரு மணி 22 நிமிஷம், ஒரு மணி 31 ஆகிரும், திரும்பி வாறப்ப ஒரு மணி 14தான்.

அண்ணாச்சிக்கிட்ட சொன்னேன். நெசமா போகணும்னா கொச்சிக்குப் போயி ஏறணும், லட்சத்தீவுக்கு பெர்மிட்டும் எடுக்கணும்னேன். "அப்ப கொச்சிக்கு?"ன்னாவ. ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ்ல ஏறுங்கன்னேன், அதுக்கு காஸ் எல்லாம் வேண்டாம்.