முறையான விருந்து மேசையில் தடுமாறாமல் சாப்பிடுவது எப்படி?

மேற்கத்திய முறையில் மேசை போட்ட விருந்துக்கு முதல் தடவையாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். வாயை மூடி மெல்வதெல்லாம் தெரிந்ததுதான், நேராக மேசைக்கு வந்துவிடுவோம்.

1. உட்கார்ந்ததும் நாப்கினை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்தால் நாற்காலி மேல் வையுங்கள். கிளம்பும்போது தட்டுக்கு இடப்பக்கம்.

2. வட்ட மேசையில் எந்த ரொட்டித் தட்டு நம்முடையது, எந்த டம்ளர் பக்கத்து ஆளுடையது என்ற குழப்பம் கட்டாயம் வரும். 'இடம் திடம், வலம் திரவம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இடப்பக்க ரொட்டியும் வலப்பக்க டம்ளர்களும் உங்களுக்கு. பக்கத்தில் இருப்பவர் உங்கள் ரொட்டியை எடுத்துவிட்டாரா? சொல்லிக் காட்டாதீர்கள். பரிமாறுபவரிடம் மெதுவாக இன்னொன்று கேளுங்கள். ரொட்டி போனால் வேறு வரும், நாலு பேர் முன்னால் அவர் கூனிக்குறுகக் கூடாது.

3. தட்டின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் கத்தி, முள்கரண்டிகளில் வெளி ஓரத்தில் இருப்பதை முதலில் எடுங்கள், அடுத்தடுத்த உணவுக்கு உள்ளே இருப்பவை. தட்டுக்கு மேலே படுக்கை வாட்டில் இருப்பவை இனிப்புக்கு.

4. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பேச்சு சுவாரசியத்தில் கத்தியையும் முள்கரண்டியையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டில் வைத்துவிடுவார்கள். பாதிச் சாப்பாட்டோடு தட்டு போய்விடும். பரிமாறுபவர் மேல் குற்றமில்லை. சேர்த்து வைத்தால் 'முடித்துவிட்டேன்' என்று அர்த்தம். சாப்பாடு மிச்சம் இருந்தால் இரண்டையும் விலக்கி, தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, பிடிகள் 8, 4 இருக்கும் பக்கம் வருகிற மாதிரி வையுங்கள். முடித்ததும் இரண்டு பிடியும் சேர்ந்து 4 பக்கம். ஒருமுறை எடுத்துச் சாப்பிட்ட கத்தியையோ முள்கரண்டியையோ திரும்ப மேசை விரிப்பில் வைக்கவே கூடாது, பாதி தட்டிலும் பாதி மேசையிலுமாகச் சாய்த்தும் வைக்கக் கூடாது.

அமெரிக்க வழக்கத்தில், வெட்டியபின் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றுவார்கள். எனக்கு ஐரோப்பிய முறைதான் பிடிக்கும். கடைசி வரை முள்கரண்டி இடக்கை, கத்தி வலக்கை. புதிதாகப் பழகுபவர்களுக்கு இதுவே சுலபம்.

5. விருந்து கொடுப்பவர் தொடங்கும் வரை பொறுங்கள். அப்புறம் மற்றவர்களின் தட்டையும் ஓரக்கண்ணால் பாருங்கள். எல்லாரும் முடித்து ஒருவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. உங்கள் தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்து அவரோடு சேர்ந்து முடியுங்கள்.

பின்சேர்க்கை: இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். மேசையில் அடுக்கியிருப்பதை மாற்ற வேண்டாம், எடுக்கும்போது கை மாற்றிப் பிடித்தால் போதும். இன்னொரு கேள்வி, முள்கரண்டி கீழே விழுந்தால்? குனிந்து தேடாதீர்கள். வேறொன்று கேட்டால் கொண்டுவந்து தருவார்கள்.