சிறிய அறைக்குக் கணினி மேசை: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வாடகைக்குக் கிடைக்கும் மாடிப் போர்ஷன்களில் படுக்கையறை என்பது பெரும்பாலும் பத்துக்கு ஒன்பது அடிதான். ஆறுக்கு நான்கு அடிக் கட்டில் ஒன்றும் இரும்பு பீரோ ஒன்றும் அதற்குள் வந்துவிட்ட பிறகு, மிஞ்சிய இடத்தில் கணினி மேசை போட வேண்டும், அதுவும் கைக்கு அடங்கிய விலையில் போட வேண்டும் என்பதே பலருடைய நிலை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நானும் அப்படித்தான் அவசரமாக ஒரு மேசை வாங்கினேன். ஒன்றரை ஆண்டுகூட அது தாங்கவில்லை. அது மலிவான மேசை என்பதால் அப்படி ஆகவில்லை. அதே விலையில் நல்ல மேசை அன்றும் கிடைத்தது. நான் மேசையின் நீள அகலத்தை மட்டும் அளந்தேனே தவிர, அதன் முன் நாள் முழுவதும் உட்காரப்போகும் உடம்பை அளக்கவில்லை; அது நிற்கப்போகும் தரையையும் கவனிக்கவில்லை.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறும் அதுதான். சுவரோரம் நான்கு அடி காலியாக இருக்கிறது, நான்கு அடி மேசை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மேசை பிடிக்கும் இடத்தைவிட நாற்காலி பிடிக்கும் இடம் அதிகம். உட்கார்ந்து எழுவதற்கு மேசை விளிம்பிலிருந்து குறைந்தது 75 செ.மீ., வசதியாக வேண்டுமென்றால் 90 செ.மீ. பின்னால் வேண்டும். மேலே சொன்ன அறையில் கட்டிலைப் பத்தடிச் சுவரை ஒட்டிப் போட்டால் எதிர்ச்சுவர் வரை ஐந்தடி மீதமிருக்கும். அதில் இரண்டடி மேசைக்குப் போனால் நாற்காலிக்கு மூன்றடி கிடைக்கிறது, சரியாக இருக்கும். இரண்டரை அடி ஆழமுள்ள மேசையை வாங்கிவிட்டால் நாற்காலிக்குக் குறைந்தபட்ச இடம்தான் மிஞ்சும், எழும்போது அதன் முதுகு கட்டிலில் இடிக்கக்கூடும். பீரோவின் கதவு முழுமையாகத் திறக்கிறதா, அறைக்கதவு உள்பக்கம் திறக்கும்போது மேசை மூலையில் தட்டுகிறதா என்பதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய செய்தித்தாள்களை மேசையின் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, அதன் முன் ஒரு நாற்காலியைப் போட்டு, இரண்டு நாள் அப்படியே புழங்கிப் பாருங்கள். டேப்பைப் பிடித்து அளக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இடைஞ்சல்கள் காலில் தெரியும்.

இடம் போதவில்லை என்றதும் ஆழத்தைக் குறைப்பது இரண்டாவது தவறு. இங்கே ஆழம் என்று சொல்வது மேசையின் முன்விளிம்பிலிருந்து சுவர் வரை உள்ள அளவை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல மேசைகள் 40, 45 செ.மீ. ஆழத்தில் வருகின்றன, படத்தில் அவை கச்சிதமாகத் தெரிகின்றன. நான் வாங்கியதும் 40 செ.மீ. மேசைதான். 24 அங்குலத் திரையின் அடித்தாங்கி ஏறக்குறைய 20 செ.மீ. ஆழம் பிடிக்கும் என்பதால், சுவரோடு ஒட்டி வைத்தாலும் திரையின் முகம் சுவரிலிருந்து 12, 13 செ.மீ. முன்னால்தான் நிற்கும். எனவே முன்விளிம்பிலிருந்து திரைக்கு 27 செ.மீ. மட்டுமே மிச்சம். நாம் விளிம்பை ஒட்டி உட்கார்ந்தால் கண் இன்னும் 10 செ.மீ. பின்னால் இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 37 செ.மீ. ஆகிறது. கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம், அதாவது 50 செ.மீ.க்குக் குறையாத தூரம் இருப்பதே கண்ணுக்கு நல்லது. அந்த மேசையில் நான் மாலை நான்கு மணிக்கெல்லாம் நாற்காலியைப் பின்னால் தள்ளி, முழங்கை அந்தரத்தில் தொங்க, கையை நீட்டித் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தோள்பட்டை வலி எங்கிருந்து வருகிறது என்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

ஆகவே குறைக்க வேண்டியிருந்தால் நீளத்தைக் குறையுங்கள். முழு அளவுக் கீபோர்டு 44 செ.மீ. நீளம், மவுசுக்குப் பக்கத்தில் 25 செ.மீ. விட்டால் 70 செ.மீ.யில் வேலை முடிந்துவிடுகிறது. 24 அங்குலத் திரையின் அகலமே 53 செ.மீ.தான். 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள மேசை, 120 செ.மீ. நீளமும் 40 செ.மீ. ஆழமும் உள்ள மேசையைவிட எல்லா வகையிலும் மேலானது. மடிக்கணினி மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு 50 செ.மீ. ஆழம் போதும். ஆனால் பிற்பாடு தனித்திரை வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 60 செ.மீ. பாருங்கள். ஆழம் குறைந்த மேசை ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். திரையைச் சுவரில் துளையிட்டுத் திருகால் பொருத்தும் தாங்கி ஒன்றை வாங்கினால் அடித்தாங்கி பிடிக்கும் இடம் மிச்சமாகும்.

உயரத்தைப் பற்றிக் கடையில் யாரும் கேட்பதில்லை. ஏறக்குறைய எல்லா மேசைகளும் 75 செ.மீ. உயரத்தில்தான் வருகின்றன, பேனா பிடித்து எழுதுவதற்கு அது பொருந்தலாம், தட்டச்சு செய்யும்போது ஐந்தே கால் அடி உயரமுள்ள ஒருவருக்கு அது அதிகம். உங்கள் நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்து, மேல்கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுதான் கீபோர்டு இருக்க வேண்டிய உயரம். மேசை அதைவிட உயரமாக இருந்தால் நாற்காலியை உயர்த்தி, காலுக்கு அடியில் ஒரு பலகையோ மணையோ போட்டுக்கொள்ளலாம். உயரம் மாற்ற முடியாத பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால் மேசைக்கும் நாற்காலிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். மொத்தப் பணத்தையும் மேசைக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியில் மிச்சம் பிடிப்பவர்களுக்கு அந்த மேசையால் பயனில்லை.

இனி பலகைக்கு வருகிறேன். ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இது. விளம்பரங்களில் ‘இன்ஜினியர்டு வுட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏதோ உயர்ந்த வகை மரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். விலை குறைந்த மேசைகளில் அது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரச்சில்லுகளைப் பசையோடு கலந்து அழுத்திய பலகை. சில மேசைகளில் எம்.டி.எஃப்., அதாவது மரநாரை மாவு போல் நுணுக்கி அழுத்திய பலகை. இரண்டும் தள்ளுபடி செய்ய வேண்டிய பொருள்கள் அல்ல. உலர்ந்த இடத்தில் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் நம் வீடுகளில் தரையை ஈரத்துணியால் துடைக்கிறோம், வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் விட்டே கழுவுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே ஓதம் காக்கிறது. என் மேசைக்கு இரும்புக் கால் கிடையாது. இரண்டு பக்கமும் பலகையே தரை வரை இறங்கி நின்றது. முதல் மழைக்காலம் முடிந்தபோது அந்தப் பலகைகளின் அடிப்பாகம் தண்ணீரில் ஊறிய ரஸ்க் போல உப்பியிருந்தது. மேலே ஒட்டியிருந்த மைக்கா விளிம்போரம் வாய் பிளந்து நின்றது. விரலால் தேய்த்தபோது மரத்துகள் உதிர்ந்தது. அடுத்த மழைக்கு முன்பே கீழ்த் திருகுகள் பிடிப்பு விட்டுவிட்டன.

பின்னர் வந்து பார்த்த ஆசாரி சொன்னது எனக்கு அன்று தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: “மேல் பக்கத்தைத் தடவிப் பாத்து வாங்காதீங்க சார், கவுத்துப் போட்டு அடிவிளிம்பைப் பாருங்க.” பலகையின் முகம் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் ஈரம் ஏறுவது விளிம்பு வழியாகத்தான். முன்பக்கம் மட்டும் பட்டை ஒட்டி, பின்பக்கத்தையும் தரையைத் தொடும் பக்கத்தையும் திறந்தே விட்டுவிடுவது மலிவு மேசைகளில் சாதாரணமாக நடக்கிறது. எனவே இரும்புக் கால் உள்ள மேசையைத் தேர்ந்தெடுங்கள். அதன் அடியில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் துரு தரையில் வட்டம் போடும். பலகைக் கால் உள்ள மேசையே வாய்த்துவிட்டால், பூட்டுவதற்கு முன் திறந்த விளிம்புகளுக்கு இரண்டு கை வார்னிஷ் அடித்து, தரையிலிருந்து அரை அங்குலமாவது உயரும்படி புஷ் வைத்துவிடுங்கள்.

பிளைவுட் என்று சொல்லி விற்றால் எந்த வகை என்று கேளுங்கள். ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 303 என்ற முத்திரை பொது உபயோகத்துக்கான பிளைவுட்டுக்கு உரியது, ஐ.எஸ். 710 என்பது தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட்டுக்கு உரியது. கணினி மேசைக்கு 710 தேவையில்லை. அந்தச் செலவு சமையலறைச் சிங்க்குக்கு அடியில் செய்ய வேண்டியது. மேற்பலகையின் பருமனில் கஞ்சத்தனம் வேண்டாம். 18 அல்லது 19 மி.மீ. பலகை நான்கடி நீளத்துக்கு நடுவில் தொய்யாமல் நிற்கும், 12 மி.மீ. பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரும்புச் சட்டம் ஓடாவிட்டால் இரண்டு வருடத்தில் தொங்கல் தெரியும்.

ஆட்டத்தைச் சோதிக்காமல் வாங்குவதும் பெரிய தவறு. கடையில் மேசையின் மூலையில் உள்ளங்கையை ஊன்றி முன்னும் பின்னும் அசைக்காதீர்கள், இடமும் வலமுமாக அசையுங்கள். பலவீனம் அந்தத் திசையில்தான் இருக்கும். பின்பக்கத்தில் குறுக்குச் சட்டமோ பெருக்கல் குறி போன்ற கம்பியோ இல்லாத மேசை, தட்டச்சு செய்யும்போது திரையையும் சேர்த்து ஆட்டும். அந்தக் கம்பி முழங்காலுக்கு நேராக முன்னால் வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூடுதல் வசதி என்று சேர்த்து விற்கப்படுபவற்றில் பல சிறிய அறைக்கு இடைஞ்சல்தான். இழுப்புக் கீபோர்டுத் தட்டு வெளியே வரும்போது நாற்காலியின் இடத்தைப் பறிக்கிறது, தொடையில் இடிக்கிறது, மவுசுக்கு இடம் தருவதில்லை. கண்ணாடி மேற்பலகையில் சாதாரண ஆப்டிகல் மவுஸ் சரியாக ஓடாது. சுவரில் மடக்கும் மேசை இடத்தை உண்மையாகவே மிச்சப்படுத்தும். ஆனால் வீட்டுக்காரர் சுவரைத் துளைக்கச் சம்மதிக்க வேண்டும். ஹாலோ பிளாக், அதாவது உள்ளே வெற்றிடம் உள்ள சிமெண்ட் கல் சுவராக இருந்தால் சாதாரண பிளக்கும் திருகும் பாரம் தாங்காது. மடக்குவதற்கு ஒவ்வொரு நாளும் மேலிருக்கும் எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். மடிக்கணினிக்காரர்களுக்கு அது பொருந்தும், டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது.

பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மேசையின் இடத்தை முடிவு செய்துவிட்டால் வயர் நடைபாதையின் குறுக்கே போகும். ஜன்னலுக்கு நேர் எதிரே திரையை வைத்தால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திருப்பி அடிக்கும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி போடுவதே நல்லது. மேற்குப் பார்த்த அறையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீட்டில் எழுதியிருக்கும் தொகை முழு விலை அல்ல. குட்டியானை வண்டி வாடகை, மாடிக்கு ஏற்றும் கூலி, பூட்டிக் கொடுக்கும் கூலி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில சமயம் ஆசாரியிடம் செய்வதே மலிவாகிவிடும். பிளைவுட் எட்டுக்கு நான்கு அடித் தாளாக வருகிறது. ஒரு தாளில் நான்குக்கு இரண்டு அடி மேற்பலகை நான்கு கிடைக்கும் என்பதால், மரக்கடையில் வெட்டி மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி, வெல்டிங் பட்டறையில் உங்கள் முழங்கை உயரத்துக்கே இரும்புக் கால் செய்துகொள்ளலாம். அலுவலகங்கள் காலி செய்யும்போது விற்கும் பழைய மேசைகளையும் தயங்காமல் பாருங்கள். 120க்கு 60 செ.மீ. அளவு அங்கே சாதாரணம், பலகையும் பெரும்பாலும் 25 மி.மீ. பருமன் இருக்கும். பழைய மர மேசையாக இருந்தால் கால்களின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தாலோ மண்தடம் தெரிந்தாலோ கரையான் ஏறியது, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முழு மேசையாக வாங்குவதானால் உங்கள் மாடிப்படியின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாடகை ஒப்பந்தங்கள் பதினொரு மாதத்துக்குப் போடப்படுகின்றன, அதனால் உங்கள் மேசை ஒரு முறையாவது இடம் மாறப்போகிறது என்று எண்ணியே வாங்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டில் நேரடியாக இறங்கும் திருகைக் கழற்றி மறுபடி பூட்டினால் இரண்டாம் முறையே துளை பெரிதாகிவிடும்; நட்டும் போல்ட்டும் சேர்ந்த இரும்புச் சட்டம் எத்தனை வீடு மாறினாலும் தாங்கும். பெட்டி வந்து இறங்கியதும் பலகையின் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, அளவுகளை டேப்பால் சரிபார்த்து, படம் எடுத்துக்கொண்ட பிறகு பூட்டத் தொடங்குங்கள், பூட்டிய மேசையைத் திருப்பி எடுக்கப் பல கடைகள் மறுக்கின்றன. எல்லாத் திருகுகளையும் முதலில் பாதி மட்டும் இறக்கி, மேசையை அதன் இடத்தில் நிறுத்தி, நான்கு காலும் தரையில் படுவதைப் பார்த்துவிட்டு முழுவதும் இறுக்குங்கள். உடன் வந்த ஆலன் கீயை, அதாவது திருகு இறுக்கும் அறுகோணச் சாவியை, மேற்பலகையின் அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எல்லாத் திருகுகளையும் மறுபடி இறுக்க அது வேண்டியிருக்கும்.